இரண்டு அங்குலம் மூன்று நூல்: குழந்தைக் கட்டில் வாங்கும் முன் டேப்பைக் கையில் எடுங்கள்

மர வேலை செய்பவர்கள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து, ஒரு பங்கை நூல் என்பார்கள். கடைக்காரர்கள் பேபி காட் என்று சொல்லும் கம்பி வைத்த குழந்தைக் கட்டிலில், ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடம் விடலாம் என்பதற்கு அமெரிக்கா 1970களிலேயே ஓர் உச்சவரம்பு வைத்துவிட்டது. 60 மில்லிமீட்டர். நம் ஆசாரியின் கணக்கில் இரண்டு அங்குலம் மூன்று நூல். "அண்ணா, ரீப்பருக்கு ரீப்பர் ரெண்டு அங்குலம் மூணு நூலுக்கு மேல ஒரு இடத்துலயும் போகக் கூடாது" என்று சொன்னால் சென்னையில் எந்தப் பட்டறையிலும் புரிந்துகொள்வார்கள். ரீப்பர் என்பது கம்பியாக நிற்கும் மரச்சட்டம். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். காரணம் தெரிந்த ஆசாரி அரை நூலைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்.

கைக்குழந்தைக்கு உடம்பிலேயே பெரியது தலைதான். இடுப்பு அதைவிடச் சிறியது. கம்பிகளுக்கு நடுவே இடம் கூடுதலாக இருந்தால் புரளும் குழந்தையின் கால் முதலில் வெளியே போகும், பின்னாலேயே இடுப்பு நழுவும், வயிறும் மார்பும் அமுங்கி வழி விடும். தலை மட்டும் உள்ளே நின்றுவிடும். உடம்பின் எடை முழுவதும் கழுத்தில் தொங்கும். கழுத்து இறுகிய குழந்தையால் அழ முடியாது என்பதால் பக்கத்து அறையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. 60 மில்லிமீட்டர் என்பது இடுப்பே நுழைய முடியாத அளவு. ஐரோப்பாவின் ஈஎன் 716 என்ற தரம் 45 முதல் 65 மில்லிமீட்டர் வரை என்கிறது. கீழ்வரம்பு எதற்கென்றால், மிகவும் குறுகலாக இருந்தாலும் கை, கால் நுழைந்து திரும்ப வராமல் சிக்கிக்கொள்ளும்.

கடையில் அளக்கும்போது டேப்பைவிட அட்டை வசதி. கெட்டியான அட்டையில் 6 செ.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இடைவெளியிலும் அதை நுழைத்துப் பாருங்கள். தளர்வாகப் போய் வந்தால் அந்தக் கட்டில் வேண்டாம். பிறகு இரண்டு ரீப்பர்களைக் கையால் பிடித்து எதிரெதிராக விலக்கிக்கொண்டே மறுபடியும் நுழையுங்கள். மெலிந்த ரப்பர் மர ரீப்பர், சும்மா இருக்கும்போது சரியான அளவைக் காட்டிவிட்டு அழுத்தினால் வளைந்து கொடுக்கும். கடைசல் பிடித்த கம்பி என்றால் இன்னும் கவனம் வேண்டும். மேலும் கீழும் தடித்து நடுவில் மெலிவதுதான் கடைசலின் அழகு. அந்த மெலிந்த இடத்தில்தான் இடைவெளி அதிகம். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பூ வேலைப்பாடு செய்து ஓட்டை விட்டிருந்தால் அந்த ஓட்டைக்கும் இதே சோதனைதான். பலகையில் வெட்டிய அரைவட்டத்துக்குள் குழந்தையின் தலை போய் மாட்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

பெட்டியின் மேல் 'ஏஎஸ்டிஎம் எஃப் 1169' என்றோ 'ஈஎன் 716' என்றோ அச்சடித்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். முதலாவது அமெரிக்காவில் முழு அளவுக் கட்டிலுக்கான சோதனை முறை. இரண்டாவது ஐரோப்பாவினுடையது. இறக்குமதி செய்த கட்டிலில் இந்த எழுத்து இருந்தால் நல்லது. ஆனால் உள்ளூர்ப் பட்டறையில் செய்து வாங்குவதிலும், அக்கா வீட்டிலிருந்து வருவதிலும், தாத்தா காலத்து ஊஞ்சல் தொட்டிலிலும் எந்த எழுத்தும் இருக்காது. அங்கே தரம் என்பது நீங்கள் அளந்து பார்ப்பது மட்டும்தான். அந்தத் தரங்களில் இருக்கும் எண்களில் பெரும்பாலானவற்றை வீட்டில் இருக்கும் டேப்பாலேயே சரிபார்க்கலாம்.

மெத்தைக்கு வருவோம். சென்னையில் வாங்கும் கட்டில்களில் அதிகம் தவறுவது இங்கேதான். அமெரிக்காவில் முழு அளவுக் கட்டிலின் உள் அகலம் 28 அங்குலம், உள் நீளம் 52 அங்குலம் 3 நூல் என்று நிர்ணயம் உண்டு. கூடக் குறைய 5 நூல் போகலாம். அதனால் அங்கே எந்தக் கடையில் மெத்தை வாங்கினாலும் பொருந்திவிடும். இங்கே கட்டில் ஓர் அளவு, மெத்தை ஓர் அளவு. கட்டிலோடு இலவசமாகத் தரும் மெத்தை பல நேரம் அகலத்தில் ஓர் அங்குலமாவது குறையும்.

மெத்தையை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு எதிர்ப்பக்க இடைவெளியில் இரண்டு விரலைச் சேர்த்து வையுங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடம் இருந்தால் மெத்தையை மாற்ற வேண்டும். ஐரோப்பியத் தரம் இதையே 30 மில்லிமீட்டர் என்கிறது. புரண்டு வரும் குழந்தை அந்தப் பள்ளத்தில் முகம் புதையச் சிக்கும். ஒரு பக்கம் பலகை, இன்னொரு பக்கம் மெத்தை. நான்கு மாதக் குழந்தைக்குத் தலையைத் திருப்பத் தெரியும், ஆனால் சிக்கிய உடம்பைப் பின்னால் இழுத்துக்கொள்ளும் பலம் கிடையாது.

மெத்தைக் கடையில் அளவு சொல்லித் தைக்கக் கொடுப்பதானால், கட்டிலின் உள்பக்கத்தை மெத்தை வரும் மட்டத்தில் அளக்க வேண்டும். மேல் விளிம்பில் அளக்கக் கூடாது, மரம் சில நூல் உள்வாங்கியோ விரிந்தோ இருக்கும். அகலத்தைத் தலைமாடு, நடு, கால்மாடு என்று மூன்று இடத்தில் எடுத்து, அதில் குறைந்த அளவைக் கொடுங்கள். "தையல் போட்ட பிறகு இந்த அளவு இருக்கணும்" என்று அழுத்திச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உறைக்கும் ஓரத் தையலுக்கும் கால் அங்குலம், அரை அங்குலம் என்று போய்விடும்.

தடிமன் 4 அங்குலம் போதும். 6 அங்குலத்தைத் தாண்டவே கூடாது. மெத்தை உயர்ந்தால் பக்கச் சட்டம் தாழ்கிறது, அவ்வளவுதான் கணக்கு. அமெரிக்கத் தரப்படி, மெத்தைத் தட்டை, அதாவது மெத்தையைத் தாங்கும், உயரம் மாற்றக்கூடிய தட்டை, கடைசிப் படியில் இறக்கி வைத்தால் தட்டிலிருந்து மேல் சட்டம் குறைந்தது 26 அங்குலம் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் 60 செ.மீ. 4 அங்குல மெத்தை போட்டால் குழந்தைக்கு 22 அங்குல வேலி மிஞ்சும். சொகுசாக இருக்கட்டும் என்று 8 அங்குலம் போட்டால் 18தான். பத்து மாதத்தில் பிடித்து நிற்கும் பிள்ளைக்கு அது நெஞ்சு உயரம்கூட வராது.

இலவம் பஞ்சு மெத்தை வேண்டாம். தாய்வீட்டுச் சீராக ஆசையோடு தைத்துக் கொடுப்பார்கள், சொல்வதற்கே சங்கடமாகத்தான் இருக்கும். ஆனாலும் வேண்டாம். இலவம் பஞ்சு உடம்பின் வடிவத்துக்குக் குழிந்து கொடுக்கும். பெரியவர்களுக்கு அது சுகம். குப்புறப் புரண்ட சிசுவுக்கு அந்தக் குழி மூக்கைச் சுற்றி ஒரு கிண்ணம் மாதிரி ஆகிவிடும். விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். தேங்காய் நார் மெத்தையோ அடர்த்தியான ஃபோமோ வாங்குங்கள். உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் கைத்தடம் நிற்கக் கூடாது. குழந்தையைப் படுக்க வைத்தால் தலைக்குக் கீழே பள்ளம் விழக் கூடாது. மேலே எலாஸ்டிக் வைத்த பருத்தி விரிப்பு ஒன்று மட்டும். ஈரத்துக்கு ரப்பர் ஷீட் போடுவதானால் விரிப்புக்கு அடியில், நான்கு மூலையும் இழுத்துச் செருகி. தளர்ந்த பிளாஸ்டிக் ஷீட் முகத்தில் ஒட்டினால் எடுத்துவிட அந்தக் கைகளுக்குத் தெரியாது.

இனி, கட்டிலுக்குள் வைக்கும் பொருட்கள். தியாகராய நகர்க் கடைகளில் பரிசுப் பெட்டியாக விற்கும் பேபி பெட் செட்டைத் திறந்தால் ஒரு கடுகுத் தலையணை, இரண்டு பக்கமும் வைக்கக் குட்டி உருட்டுத் தலையணைகள், ஒரு மெத்தை, சில நேரம் சுற்றிலும் கட்டும் பஞ்சு வைத்த தடுப்பு. ஒரு வயதுக்கு முன் இவற்றில் மெத்தையைத் தவிர எதுவும் உள்ளே வரக் கூடாது, அந்த மெத்தையும் மேலே சொன்ன சோதனையில் தேற வேண்டும். பஞ்சு வைத்த பக்கத் தடுப்பு விற்பதை அமெரிக்கா சட்டம் போட்டே நிறுத்தியது. 2022 மே மாதம் கையெழுத்தான சட்டம் அதே ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 10 பாகைக்கு மேல் சாய்ந்த தூங்கும் படுக்கைகளும் அதே சட்டத்தில் தடையாயின. தலை இடிக்காமல் இருக்கத்தானே தடுப்பு என்பார்கள். இடித்தால் சிவந்து கொஞ்ச நேரத்தில் மறையும். தடுப்பில் முகம் புதைந்தால் மூச்சு போகும்.

கடுகுத் தலையணையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறது. தலை உருண்டையாக வரும் என்ற நம்பிக்கையில் வைக்கிறார்கள். ஒரே பக்கம் தலையைச் சாய்த்துப் படுத்தால் அந்தப் பக்கம் தட்டையாவது உண்மைதான். அதற்குச் செய்ய வேண்டியது வேறு: ஒரு நாள் தலைமாட்டில், மறுநாள் கால்மாட்டில் தலை வரும்படி மாற்றிப் படுக்க வையுங்கள். விளக்கையோ வாசல் கதவையோ பார்க்கக் குழந்தை தானாகவே மறுபக்கம் திரும்பும். விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, சில நிமிடங்கள் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள். தலையணை தலையை முன்னால் தள்ளும். தாடை நெஞ்சில் இடிக்கும்போது சிசுவின் மூச்சுக்குழாய் மடங்குகிறது. அதுதான் இங்கே பயம். தையல் விட்டுக் கடுகு கொட்டினால் அது மூக்குக்கும் வாய்க்கும் போவது அடுத்த பயம்.

"மல்லாக்கப் படுக்க வச்சா பால் கக்கி மூக்குல ஏறிடும்டி" என்பார் பாட்டி. நியாயமான பயம், ஆனால் உடம்பின் அமைப்பு வேறு சொல்கிறது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். எதுக்களித்த பால் தாழ்வான குழாய்க்கே திரும்பும். குப்புறப் படுத்தால் இந்த அடுக்கு தலைகீழாகிறது. அமெரிக்காவில் 1994இல் மல்லாத்திப் படுக்க வைக்கும்படி நாடு தழுவிய பிரசாரம் தொடங்கியது. அதன்பிறகு தூக்கத்திலேயே திடீரென்று சிசு இறப்பது அங்கே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இதைப் பாட்டியிடம் பொறுமையாகச் சொல்லிப் புரிய வையுங்கள். பகலில் குழந்தையைத் தூங்க வைப்பது பெரும்பாலும் அவர்தான்.

மூட்டுகள் பற்றிச் சொல்லும்போது, பக்கச் சட்டம் மேலும் கீழும் இறங்கும் வகையிலிருந்து தொடங்க வேண்டும். குனியாமல் குழந்தையைத் தூக்க வசதி என்று உலகம் முழுவதும் பல பத்தாண்டுகள் விற்ற வகை அது. அந்தச் சட்டம் கழன்றதால் 2000க்குப் பிறகு குறைந்தது 32 குழந்தைகள் இறந்ததாக அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கணக்குக் காட்டியது. 2011 ஜூன் 28 முதல் அங்கே அப்படிப்பட்ட கட்டிலைச் செய்யவும் விற்கவும் தடை. பக்கச் சட்டம் ஓடும் தடத்தில் இருப்பது சின்னப் பிளாஸ்டிக் துண்டு. தினம் பத்து முறை ஏற்றி இறக்கினால் அது தேயும், விரியும், ஒரு நாள் ஒரு மூலையில் மட்டும் கழன்று வரும். சட்டம் கீழே விழுந்தால்கூடத் தெரிந்துவிடும். ஒரு மூலை மட்டும் வெளியே சரிந்து நிற்பதால் மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஆப்பு வடிவில் வாய் திறக்கிறது. குழந்தை உருண்டு போய் அதற்குள் விழுகிறது. நம் ஊரில் இந்த வகை பழைய பொருளாக இன்னும் கைமாறுகிறது. ஏற்கெனவே வீட்டில் இருந்தால், மேலே ஏற்றிய நிலையில் இரண்டு பக்கமும் போல்ட் போட்டு நிரந்தரமாக இறுக்கலாமா என்று கேட்பார்கள். தேய்ந்த தடத்தையும் உளுத்த சட்டத்தையும் போல்ட் சரிசெய்யாது. கழித்துவிடுவதே மேல்.

நிலையான பக்கம் உள்ள கட்டிலிலும் மூட்டைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். நல்ல கட்டிலில் சட்டமும் காலும் சேரும் இடத்தில் நீள போல்ட்டும், மரத்துக்குள் உருளை வடிவ நட்டும் இருக்கும். எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் இரும்பில் இரும்பு பிடிக்கும். மலிவான கட்டிலில் அந்த இடத்தில் மர ஸ்க்ரூ. வீடு மாற்றும்போது ஒரு முறை கழற்றினால் மரத்தின் புரி சிதைந்துவிடும். அடுத்த முறை மாட்டினால் இறுகியது போலத் தோன்றும், ஆனால் பிடி இருக்காது. பார்ட்டிகிள் போர்டு என்றால் சொல்லவே வேண்டாம்.

சென்னைக் காற்றுக்கு என்று ஒரு கணக்கு உண்டு. அக்டோபர், நவம்பர் மழையில் மரம் ஈரம் குடித்து உப்பும், மே மாதத்தில் காய்ந்து சுருங்கும். உப்பியபோது இறுக்கிய போல்ட் சுருங்கும்போது தளர்கிறது. கடலோரப் பகுதிகளில் போல்ட் தலை துருப்பிடித்துச் சாவி நழுவும். ஆகவே மாதம் ஒரு முறை ஆலன் சாவியை எடுத்து எல்லா போல்ட்டையும் ஒரு சுற்றுப் பாருங்கள். மேல் சட்டத்தைப் பிடித்து நீளவாக்கில் ஆட்டுங்கள். 'கிரீச்' என்றால் ஏதோ ஒரு மூட்டு தளர்ந்திருக்கிறது. மெத்தையைத் தூக்கி, தட்டைத் தாங்கும் நான்கு கொக்கிகளையும் கையால் கீழே அழுத்துங்கள். ஒரு கொக்கி கழன்றால் தட்டு ஒரு மூலையில் சரிந்து, மெத்தையும் குழந்தையும் அந்த மூலைக்கு வழுக்கும்.

நாலு மூலைக் கால்களும் மேல் சட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அனுமதி வெறும் ஒன்றரை மில்லிமீட்டர்தான். கடைசல் பிடித்த குமிழ் வைப்பது நம் மர வேலையில் வழக்கம், பார்க்கவும் லட்சணம். ஆனால் எழுந்து நிற்கும் குழந்தையின் கழுத்தில் கிடக்கும் எதுவும் அந்தக் குமிழில் மாட்டும். நம் பிள்ளைகளுக்குக் கழுத்தில் தாயத்துக் கயிறு உண்டு, மெல்லிய செயின் உண்டு. கயிறு குமிழில் விழுந்து குழந்தையின் கால் மடங்கினால் உடம்பே சுருக்கை இறுக்கிவிடும். குமிழை அறுத்துத் தேய்த்து மட்டப்படுத்தச் சொல்லுங்கள். தூங்கப் போகுமுன் கழுத்துக் கயிறு, செயின் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். அரைஞாண் இடுப்பில் ஒட்டினாற்போல இருக்கட்டும், நெஞ்சு வரை ஏறும் அளவுக்குத் தளர வேண்டாம். வசம்பு கோத்த கைக்கயிறு இரவில் வேண்டாம். அறுந்தால் ஒரு துண்டு வாய்க்குப் போகும்.

பல் முளைக்கும் குழந்தை மேல் சட்டத்தைக் கடிக்கும். அதனால்தான் பெயின்ட்டுக்கு இவ்வளவு முக்கியத்துவம். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பளபளப்பான மஞ்சள், பச்சை, சிவப்பு எனாமல் பூச்சுள்ள பழைய தொட்டிலில் ஈயம் இருக்கலாம். அதை வீட்டுக்குள் வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது இன்னும் மோசம், தூள் காற்றில் பறந்து தரையெல்லாம் படியும்.

பல உள்ளூர்க் கட்டில்கள் ஊஞ்சல் போல ஆடும், வேண்டாதபோது பின்னைச் செருகி நிறுத்தலாம். பின் போட்ட பிறகு ஆசாரியின் ரசமட்டத்தைத் தட்டின் மேல் வைத்துப் பாருங்கள். போனில் இருக்கும் மட்டக் கருவியும் போதும். சற்றே சாய்ந்து நின்றாலும் குழந்தை தாழ்ந்த பக்கத்துக்கு நகர்ந்து, முகம் கம்பியில் அழுந்தக் கிடக்கும். தூங்கிய பிறகு ஆட்டம் வேண்டாம், பின்னைப் போட்டுவிடுங்கள். சக்கரம் வைத்திருந்தால் பூட்டு வேலை செய்கிறதா என்று தள்ளிப் பாருங்கள்.

தூளி இல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. அம்மாவின் பழைய நூல் சேலையில் கட்டிய தூளியில் அடங்காத அழுகை கிடையாது. அதை விட்டுவிடச் சொல்ல வரவில்லை. ஆனால் மேலே சொன்ன தரங்கள் கட்டிலுக்கானவை, தூளிக்கானவை அல்ல என்பதால், கட்டிலின் எண்களுக்குப் பின்னால் இருக்கும் காரணங்களை இங்கே நாமே பொருத்திப் பார்க்க வேண்டும். சமதளம் இல்லை, துணி வளைகிறது. கிட்டப் போய்ப் பாருங்கள்: குழந்தையின் முதுகு வில்லாக வளைந்து, தலை முன்னால் மடிந்து, தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய இடமில்லாமல் இருக்கும். சேலையின் இரண்டு விளிம்பும் மேலே சேர்ந்து மூக்குக்கு அருகே மூடியிருக்கும். அந்த இரண்டையும்தான் சரிசெய்ய வேண்டும். மேலே இரண்டு பக்கத் துணியையும் விலக்கிப் பிடிக்கத் தொட்டில் கட்டையைக் குறுக்கே போடுங்கள். தாடைக்குக் கீழே விரல் நுழைகிறதா என்று பாருங்கள். தூங்கியதும் எடுத்துக் கட்டிலிலோ பாயிலோ மல்லாத்திப் போடுங்கள். இரவு முழுக்கத் தூளி வேண்டாம், ஆள் பார்வையில் இல்லாதபோதும் வேண்டாம். குழந்தை புரளத் தொடங்கிவிட்டால் தூளியின் காலம் முடிந்தது.

கட்டும் முறையிலும் பிழை வரும். பட்டும் சிந்தெடிக்கும் முடிச்சில் வழுக்கும், நூல் சேலைதான் பிடிக்கும். துணியின் அடிப்பாகம் தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் போக வேண்டாம், கீழே தடித்த ஜமக்காளம் விரியுங்கள். கொக்கி கான்கிரீட் தளத்தில் பதித்த இரும்பாக இருக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கில் திருகிய கொக்கி தூளிக்கு ஆகாது. ஓடும் ஃபேனுக்குப் பக்கத்தில் தூளியும் வேண்டாம், ஸ்பிரிங்கும் வேண்டாம். ஸ்பிரிங் தொட்டில் என்றால் ஸ்பிரிங்குக்கு உள்ளே தனியாக ஒரு கெட்டிப் பருத்திக் கயிற்றை மேல் கொக்கியிலிருந்து கீழ்க் கொக்கி வரை விட்டுக் கட்டுங்கள். ஸ்பிரிங் உலோகம், இழுபட்டு இழுபட்டுக் களைக்கும். ஒடிகிற அன்று கயிறு தாங்கும். மடக்கும் குழாய் ஸ்டாண்டில் பூட்டுப் பின் விழுந்திருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

தூளியால் வரும் மரணங்களில் பல, கைக்குழந்தையுடையது அல்ல. ஆறு, எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் தம்பி, தங்கையின் தூளியில் ஏறி உட்கார்ந்து சுற்றிச் சுற்றி முறுக்கிவிட்டு ஆடுகிறார்கள். முறுக்கிய சேலை கழுத்தைச் சுற்றினால் தாமாக அவிழ்க்க முடிவதில்லை. இப்படியொரு செய்தி தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. கைக்குழந்தை தூளியில் இல்லாத நேரத்தில் சேலையை அவிழ்த்து மடித்து வையுங்கள், அல்லது பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் சுருட்டிக் கட்டுங்கள். வீட்டுப் பெரிய பிள்ளைகளிடம் ஏன் என்றும் சொல்லுங்கள்.

பாயைப் பற்றி ஒரு வார்த்தை. இருபதாயிரம் ரூபாய்க்குத் தேக்குக் கட்டில் வாங்கி அதில் மெத்மெத்தென்று மெத்தை போடுவதைவிட, சுத்தமான தரையில் கோரைப்பாய் விரித்து, அதன் மேல் நாலாக மடித்த பருத்தி வேட்டியை இழுத்துப் போட்டுக் குழந்தையைத் தனியாக மல்லாத்திப் படுக்க வைப்பது நல்லது. சமதளம், உறுதி, விழுவதற்கு உயரம் இல்லை, சிக்குவதற்கு இடுக்கு இல்லை. சுவரிலிருந்தும் பெரியவர்கள் மெத்தையிலிருந்தும் தள்ளிப் போட வேண்டும், எறும்பையும் மழைக்கால ஓதத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டில் வாங்க வசதி இல்லையே என்று எந்தத் தாயும் கலங்க வேண்டியதில்லை.

கட்டிலை எங்கே போடுவது? முதல் ஆறு மாதமாவது அப்பா, அம்மா தூங்கும் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டல். பத்துக்குப் பத்து அறையில் முழு அளவுக் கட்டில் நுழையாது, சிறிய அளவு வாங்குங்கள். பெரிய கட்டிலோடு ஒட்டிப் போடுவதானால் நடுவில் இடுக்கே இல்லாமல் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். முடியாவிட்டால் ஓரடியாவது விலக்கிவிடுங்கள். கை எட்டும் தூரத்தில், அதாவது ஒரு மீட்டருக்குள், திரைச்சீலைக் கயிறு, சார்ஜர் வயர், இன்வெர்ட்டர் இணைப்பு, கொசு விரட்டி எதுவும் இருக்கக் கூடாது. ஜன்னலை ஒட்டிப் போட வேண்டாம். நிற்கத் தெரிந்த பிள்ளை கிரில்லில் கால் வைத்து ஏறும்.

கொசுவலை சென்னையில் தவிர்க்க முடியாதது. வலை கட்டிலுக்கு வெளியே, விறைப்பாக, தரை வரை இறங்கி இருக்கட்டும். உள்ளே தொங்கித் தளர்ந்த வலை முகத்தில் விழும், கழுத்தில் சுற்றும். குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணி போடும் வழக்கம் உள்ள வீடுகளில் கரி நெருப்பைத் தூளிக்கு அடியிலோ கட்டிலுக்கு அடியிலோ கொண்டுபோகவே கூடாது. துணி பற்றுவது ஒரு ஆபத்து. மூடிய அறையில் எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. கொசுவர்த்திப் புகையும் அந்த அறைக்கு வேண்டாம்.

வெயில் காலத்தில் ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும், தொப்பியும் சாக்ஸும் வீட்டுக்குள் தேவையில்லை. கை, கால் சில்லென்று இருப்பதைப் பார்த்துப் போர்த்த வேண்டாம். பிடரியைத் தொட்டுப் பாருங்கள், வியர்த்திருந்தால் துணி அதிகம்.

குழந்தை உட்காரத் தொடங்கியதும் மெத்தைத் தட்டை ஒரு படி இறக்குங்கள். பிடித்து நிற்க முயலும் முதல் நாளே கடைசிப் படிக்கு இறக்கிவிடுங்கள், 'அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டால் அந்த வாரத்திலேயே விழும். மேலே தொங்கவிடும் கிலுகிலுப்பை பொம்மைகளும் அன்றைக்கே இறங்க வேண்டும். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், வாங்கும்போது அதைப் பாருங்கள். கட்டிலுக்குள் ஏறி நிற்க உதவும் பெரிய பொம்மை எதுவும் வேண்டாம். உயரம் 35 அங்குலத்தைத் தொட்டதும் கட்டிலுக்கு விடை கொடுத்துவிட வேண்டும். சிலர் அதற்கு முன்பே சட்டத்தைத் தாண்டக் கற்றுக்கொள்வார்கள், அவர்களுக்கு அன்றைக்கே தரைப் படுக்கை.

உறவிலோ இணையத்திலோ பழைய கட்டில் வாங்கினால் ஒரு ரீப்பர்கூட உடைந்தோ விடுபட்டோ இருக்கக் கூடாது. விடுபட்ட இடத்தில் துணியோ கயிறோ கட்டிச் சமாளித்திருந்தால் வாங்காதீர்கள். போல்ட், நட்டு எல்லாம் அந்தக் கட்டிலோடு வந்தவைதானா என்று பாருங்கள். ஹார்டுவேர் கடையில் ஏறக்குறைய அதே அளவில் வாங்கிப் போட்டது ஆட்டம் கொடுக்கும். உங்கள் கட்டிலே இந்தச் சோதனைகளில் தோற்றுப்போனால் முழுதாக வாசலில் வைத்துவிட வேண்டாம், அப்படியே காயலான் கடைக்கும் போட வேண்டாம். கைக்குழந்தை உள்ள யாராவது அதை ஆசையாக எடுத்துப் போவார்கள். பக்கச் சட்டங்களை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, மெத்தைத் தட்டைக் கழற்றி, போல்ட்டுகளைத் தனியே எடுத்துவிட்டு, வெறும் விறகாகக் கொடுங்கள்.